அவசரத்தின் வலது கால்

போன வாரம் மாப்பிள்ளையை மாடிப்படியில் உருளவிட்ட கையோடு அத்தியாயம் முடிந்துபோனது. கவலை வேண்டாம், ஆள் பத்திரம். வலது காலில் கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மாவுக்கட்டு. அவர் சுமந்து வந்த காகிதக் கட்டில் ஒரு தாள்கூடக் கசங்கவில்லை. விழுகிறவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள்; இவர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை. மாமனார், மாமியார், மகள், மகன் என்று நாலு பேரும் சேர்ந்து மூன்று வருஷமாக ஒரு கார்ட்டூன் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் வரைகிற படம் இல்லை. ஒவ்வொரு அசைவையும் பென்சிலால் ஒரு தாளில் வரைந்து, அடுத்த அசைவை அடுத்த தாளில் வரைந்து, ஒரு முயல் தும்முவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடுகிற படம்.

முக்கியமான அசைவுகள் மாமனார் கை. அவற்றுக்கு நடுவில் வருகிற அசைவுகள் மைத்துனன் சின்னவன் கை. இருவரின் கிறுக்கலையும் ஒரே சுத்தமான கோடாக்குவது மாப்பிள்ளையின் மனைவி பெரியவள். காடு, மலை, வானமெல்லாம் மாமியாருடையவை.

மாப்பிள்ளை, துளை.

இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். வரைகிற மேசையின் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும். மேசை விளிம்பில் மூன்று முளைகள். தாளின் அடியில் நடுவில் ஒரு வட்டத் துளை, இருபுறமும் நீளத் துளைகள். முளையில் தாள் பிசகினால் யானை நடுங்கும், மலை நகரும். மாப்பிள்ளை போட்ட துளை இடம் வலம் இம்மி பிசகாது. தாளைப் புரட்டிப் பின்பக்கமாகப் போட்டால்கூட அதே முளையில் சமர்த்தாக உட்காரும். ஆனால் பென்சில் பிடித்தால் அவர் கோடு நடுங்கும் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து பென்சிலை யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை. சின்னவன் அவரைத் 'துளை அத்தான்' என்றுதான் கூப்பிடுவான். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அன்று காலை ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அவர் ஹாலுக்கு வந்தபோது, மாமியார் நடைபாதைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, பாத்ரூம் போற வழியெல்லாம் சுவர்ல வெள்ளைக் கோடு."

"மன்னிச்சுக்குங்க அத்தை. மாவுக்கட்டு உரசுது. போகும்போது மட்டும்தான். வரும்போது சுவர் அந்தப் பக்கம் போயிடுது."

"பரவாயில்ல. நீங்க போட்ட கோட்டுலயே இதுதான் நேரா இருக்கு."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். சொல்லிக்கொண்டே, மாப்பிள்ளை போக வசதியாகத் தம்முடைய வர்ண மேசையை இன்னும் ஒரு முழம் நகர்த்தினார். அந்த மேசை மூன்று வருஷமாக அதே ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. இப்போது வெளிச்சம் பாதி, மாப்பிள்ளை பாதி.

விழுந்த நாள் முதல் வீடு இப்படித்தான் இருக்கிறது. மாப்பிள்ளை பாத்ரூமுக்குப் போனால், மாமனார் எதேச்சையாக எழுந்து, எதேச்சையாகக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு, செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். உள்ளே வழுக்கினால் சத்தம் கேட்க வேண்டுமாம். ஒருநாள் அது நேற்றைய பேப்பர். இன்னொரு நாள் தலைகீழாக இருந்தது. சின்னவன் ஹாலின் மறுகோடியில் முன்கூட்டியே ஒரு நாற்காலியைப் போட்டு வைப்பான். "உங்களுக்கா போட்டேன், எனக்குப் போட்டேன்" என்பான், உட்கார மாட்டான். 'நன்றி' என்று மாப்பிள்ளை இரண்டு முறை சொல்லப் பார்த்தார். இரண்டு முறையும் பேச்சை மாற்றிவிட்டார்கள். அந்த வீட்டில் நன்றி சொல்வது, சாப்பாட்டு மேசையில் ஈர பிரஷ்ஷை வைப்பது போல. தப்பு என்று யாரும் சொல்வதில்லை. பார்ப்பார்கள்.

அவர் மனசில் வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அவருடைய அம்மா போன் செய்திருந்தார்.

"நாளைக்கு வரேன். கால் சரியாகற வரைக்கும் நம்ம வீட்டுல இரு. அங்க எல்லாரும் வேலையா இருக்கறவங்க. உன்னை யாரு பாத்துப்பா?"

பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படம் முடிந்துவிட்டது. அன்று மாலை அதைத் தியேட்டரில் ஒப்படைக்க வேண்டும். மறுநாள் காலை குழந்தைகளுக்கான முதல் காட்சி. படம் முடிந்த வீட்டில் துளைக்கு என்ன வேலை? 'இருங்க' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று நேற்றிலிருந்து காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. இருக்கிறவரை யார் இருக்கச் சொல்வார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். மாப்பிள்ளைகளுக்கு அப்படியெல்லாம் யோசிக்க வராது.

---

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சுவரில் படத்தை ஓட்டினார்கள். முழுப் படத்தையும் முதல் காட்சியிலிருந்து எல்லாரும் சேர்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கதை சின்னது. காட்டில் தண்ணீர் வற்றிவிடுகிறது. மிருகங்கள் மலைக்கு அந்தப் பக்கம் கிளம்புகின்றன. கூட்டத்தில் ஒரு கழுதை, பெயர் அவசரம். அதற்கு வலது பின்னங்கால் நொண்டும். முதலில் எல்லாரும் அதை விட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு முயல் நிற்கிறது. காலில் இலைக்கட்டு போட்டுவிடுகிறது. மான் நிற்கிறது. யானை நிற்க மனமில்லாமல் நிற்கிறது. கடைசியில் மொத்தக் காடும் ஒரு கழுதையின் வேகத்தில் நடந்து தண்ணீருக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே போனபிறகுதான், வழியெல்லாம் அவசரத்தைக் கேலி செய்த நரிக்குட்டியைக் காணோம் என்று தெரிகிறது. யாரும் எதுவும் பேசுவதற்கு முன்னால், அவசரம் தண்ணீரில் வாய்கூட வைக்காமல் திரும்பி, வந்த வழியே நொண்டிக்கொண்டு போகிறது.

மாமியார் மூக்கை உறிஞ்சினார். மாமனார் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு கொசு வந்தது. சின்னவன் அதை அடித்தான். கருணையைப் பற்றி மூன்று வருஷம் படம் எடுத்த வீட்டில் கொசுவுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மாப்பிள்ளை காலைத் தடவிக்கொண்டிருந்தார். படம் முழுக்க அவசரம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவருடைய வலது கால் மாவுக்கட்டுக்குள் சுண்டிச் சுண்டி இழுத்தது. ஆனால் கடைசியில் அவசரம் திரும்பி நடந்தபோது அந்த இழுப்பு நின்றுவிட்டது. இருப்பதிலேயே வலிக்க வேண்டிய இடம் அது. ஏன் வலிக்கவில்லை?

அவர் திரும்பி நடைபாதைச் சுவரைப் பார்த்தார். போகும்போது உரசுகிற கால். வரும்போது உரசாத கால்.

பிறகு படம் ஓடிய சுவரைப் பார்த்தார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். மாலையில் அம்மா வந்துவிடுவார், கிளம்பிவிடலாம். மூன்று வருஷ உழைப்பு முடிந்து நாலு பேர் நிம்மதியாக மூக்கைத் துடைத்துக்கொள்கிற நேரத்தில், துளை போடுகிற ஆள் வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது?

"என்ன, பேச்சையே காணோம்? பிடிக்கலையா?" என்றாள் பெரியவள்.

தலைகீழாகப் பேப்பர் படித்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையால் பொய் சொல்ல முடியவில்லை.

"பிடிச்சிருக்கு. அவசரத்துக்குக் கட்டு எந்தக் கால்ல?"

"வலது பின்னங்கால். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"தண்ணிக்குப் போகும்போது கட்டு நம்ம பக்கம் தெரியுது."

"ஆமா."

"திரும்பிப் போகும்போதும் நம்ம பக்கம்தான் தெரியுது."

"தெரியத்தானே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.

மாமனார் படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னார். அவசரம் திரும்பியது. இலைக்கட்டு இடது பின்னங்காலில் இருந்தது. நொண்டலும் அதே காலில்தான்.

"புரட்டிப் போட்டோமே" என்றான் சின்னவன் மெல்ல.

விஷயம் இதுதான். வலப்பக்கம் நடக்கிற மிருகத்தை இடப்பக்கம் நடக்க வைக்க, இன்னொரு முறை யாரும் வரைவதில்லை. தாளைப் புரட்டி முளையில் மாட்டினால், அடி விளக்கு வெளிச்சத்தில் கோடு பின்பக்கம் தெரியும், அப்படியே படம் பிடித்துக்கொள்வார்கள். முயலைப் புரட்டினார்கள், மானைப் புரட்டினார்கள், யானையையே புரட்டினார்கள். நொண்டாதவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். அவசரத்தையும் அதே கையோடு புரட்டிவிட்டார்கள். புரட்டிய தாள் சிறிதும் பிசகாமல் உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் துளை அவ்வளவு சுத்தம்.

"யாருக்குப்பா தெரியப் போகுது?" என்றான் சின்னவன். "நாமளே பாக்கல."

மாமனார் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"கால் மாறிடுச்சுன்னா என்ன அர்த்தம்? அது நொண்டினதே நடிப்புன்னு அர்த்தம். அப்போ முயல் நின்னது, மான் நின்னது, யானை நின்னது எல்லாம் ஏமாந்ததுன்னு ஆயிடும். படமே ஏமாந்தவங்க கதையாயிடும்."

சுவரில் அவசரம் தப்பான காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது.

"ஒரு நடைதானே" என்று பெரியவள் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். "ஒரு நடையை வரைஞ்சுட்டா அதையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கலாம். சாயங்காலத்துக்குள்ள ஆகாதா?"

"வரைஞ்சுடலாம். ஆனா நொண்டற கால் அந்தப் பக்கம் மறைஞ்சிருக்கும்போது இடுப்பு எப்படி இறங்கும், தலை எப்படித் தாழும்னு எனக்குத் தெரியலையே. இதுவரைக்கும் இந்தப் பக்கமாத்தானே வரைஞ்சேன்."

சொல்லிக்கொண்டே மாமனார் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மறுபடி மாவுக்கட்டைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை. தப்பா எடுத்துக்கக் கூடாது."

மாமியாருக்குப் புரிந்துவிட்டது. "வேணாங்க. சம்பந்தியம்மா வர்ற நாள்ல மாப்பிள்ளையை நாலு கால்ல நடக்க விடறதா?"

"அவங்க சாயங்காலம்தானே வர்றாங்க?"

"டாக்டர் பாதத்தை ஊனக் கூடாதுன்னுதான் சொன்னார்" என்றான் சின்னவன். "முட்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"உன்னை டாக்டருக்குப் படிக்க வைக்காததுக்கு இந்த ஊரே கடமைப்பட்டிருக்கு" என்றாள் பெரியவள். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கறோம்."

மாப்பிள்ளை அதற்குள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டார். "தலையணை ஒண்ணு கொடு. முட்டிக்குக் கீழ வச்சுக்கட்டு."

---

ஹாலின் நடுவில் போர்வையை விரித்தார்கள். மாப்பிள்ளை நாலு காலில் நின்றார். மாவுக்கட்டு அந்தப் பக்கம், நாலு பேரும் இந்தப் பக்கம், ஆளுக்கு ஒரு பலகை, ஆளுக்கு ஒரு பென்சில். வானமும் மலையும் தவிர வேறெதையும் வரைந்தறியாத மாமியாரும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நடங்க."

நடந்தார்.

"நல்லாருக்கு. இடுப்பு இறங்கறதுக்கு முன்னால தோள் ஏறுது பாரு. எழுதிக்கோடா. மாப்பிள்ளை, மறுபடி."

மறுபடி நடந்தார். மேசைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவரைத் தூக்கித் திருப்பி, மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒவ்வொரு முறையும் பெரியவள் தலையணைக் கட்டைச் சரிசெய்தாள். முட்டி எரிந்தது. ஆனால் மாப்பிள்ளையின் மனசுக்குள் இருந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நாலு பேரும் தாளை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முகத்துல ஒரு சோர்வு வேணும்" என்றார் மாமனார். "ரொம்ப வேகம். நீங்க ஒரு கழுதை மாப்பிள்ளை, அதை மறந்துடாதீங்க. காலையிலேர்ந்து தண்ணி குடிக்கல. உங்களை எல்லாரும் ஒருகாலத்துல விட்டுட்டுப் போனவங்க."

"அப்படியா" என்றது வாசலில் ஒரு குரல்.

மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர், மகன் நினைப்பில் மத்தியான வண்டியையே பிடித்துவிட்டார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆயுசு முழுக்க டிக்கெட்டில் துளை போட்டவர். மகனுக்கு அந்தக் கை அங்கிருந்துதான் வந்தது. ஓடும் பஸ்ஸில் நாற்பது பேரில் டிக்கெட் எடுக்காதவர் யார் என்று ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். அந்தப் பார்வை இப்போது ஹாலைச் சுற்றி வந்தது. நாலு காலில் மகன். முட்டியில் தலையணை. சுற்றிலும் பென்சிலோடு சம்பந்தி வீட்டார்.

மாமியார் பென்சிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதை மட்டும் மறைத்து என்ன பயன் என்று அவருக்கே தெரியவில்லை.

"வாங்க சம்பந்தியம்மா" என்றார் மாமனார். "நீங்க நினைக்கற மாதிரி இல்ல."

"நான் இன்னும் ஒண்ணும் நினைக்கல. நினைக்க வரல." அவர் மகனைப் பார்த்தார். "கீழ டாக்ஸி நிக்குது. எழுந்திரு, போலாம்."

"அம்மா, இன்னும் ரெண்டு நடைம்மா."

"என்னது?"

"ரெண்டு நடை பாக்கி இருக்கு. அது இல்லாம கழுதை ஏமாத்துக்காரனாயிடும். நீ உக்காரு, சொல்றேன்."

சின்னவன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அம்மா உட்கார்ந்தார். மகன் தரையிலிருந்தபடியே சொன்னார்: கால் மாறிய கதை, சுவரில் வெள்ளைக் கோடு, முயல், யானை. அம்மா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கடைசியில், "அந்தத் தலையணை நழுவுது, இறுக்கிக் கட்டு" என்று மருமகளிடம் சொன்னார். அவ்வளவுதான்.

நடந்தார். வரைந்தார்கள்.

---

வெயில் தாழ்ந்தபோது புது நடை சுவரில் ஓடியது. இன்னும் சில இடங்களில் கோடு கரடுமுரடாக இருந்தது. அதைச் சுத்தம் செய்ய இனி நேரமில்லை. அவசரம் தண்ணீரை விட்டுத் திரும்பியது. இலைக்கட்டு அந்தப் பக்கம் மறைந்துபோனது. ஆனால் தோள் ஏறியது, இடுப்பு இறங்கியது, தலை தாழ்ந்தது. மறைந்திருந்த கால், தெரிந்த காலைவிட அதிகமாக வலித்தது.

மாப்பிள்ளையின் கால் மாவுக்கட்டுக்குள் சுண்டி இழுத்தது. அவர் தலையாட்டினார்.

"கீழுதட்டை ஒரு பக்கமாக் கடிச்சுக்குதே அந்தக் கழுதை" என்றார் அம்மா, சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பல் முளைச்ச நாள்லேர்ந்து இவன் அப்படித்தான் கடிப்பான். யாரு வரைஞ்சது?"

"நான்தான்" என்றார் மாமியார். வானம் வரைகிறவர். "நேத்து மாப்பிள்ளை பாத்ரூம் போகும்போது பாத்தேன். வலிச்சா அப்படிப் பண்றார். சொல்ல மாட்டார்."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

சின்னவன் படத்தை எடுத்துக்கொண்டு தியேட்டருக்கு ஓடினான். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கு என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மாமனார் மாப்பிள்ளைக்கு எதிரில் வந்து நின்றார். அவருக்கு என்னவோ சொல்ல வேண்டியிருந்தது. பழக்கமில்லாத வேலை. தொண்டையைச் செருமினார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"மாப்பிள்ளை, நீங்க படியில விழுந்தது ரொம்ப நல்லதாப் போச்சு."

"அப்பா" என்றாள் பெரியவள்.

"என்ன தப்பா சொல்லிட்டேன்? விழாம இருந்திருந்தா..."

"அப்பா, போதும்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. தன்னிடம் ஒருவர் இதைவிடச் சரியாக நன்றி சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

"சரி" என்று அம்மா கைப்பையை எடுத்தார். "கழுதை வேலை முடிஞ்சுதா? வரியா, இருக்கியா? டாக்ஸிக்காரர் கீழ பாதித் தூக்கத்துல இருப்பார்."

பெரியவள் சீவிய பென்சிலையே மறுபடி சீவிக்கொண்டிருந்தாள். யாரும் 'இருங்க' என்று சொல்லவில்லை.

"பாத்ரூம் போயிட்டு வந்து சொல்றேம்மா" என்றார் மாப்பிள்ளை. காலையிலிருந்து நாலு காலில் நடந்தவருக்கு அது நியாயமான பதில்தான்.

அவர் எழுந்தார். மாமியார் வர்ண மேசையை நகர்த்தினார். பெரியவள் பென்சிலை வைத்துவிட்டு முழங்கையைப் பிடித்தாள். மாமனார் எதேச்சையாக ஸ்டூலைத் தேடினார். நடைபாதையில் அவர் ஒரு அடி வைத்தால் அவர்கள் ஒரு அடி வைத்தார்கள். அவர் நின்றால் நின்றார்கள். மாமியாருக்கு அடுப்பில் பால் இருந்தது. முந்திக்கொண்டு போகிற இடம் இருந்தும் போகவில்லை. மாவுக்கட்டு சுவரை உரசிக்கொண்டே போனது. கதவு சாத்தியதும் மாமனார் வெளியே உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார்.

அம்மா ஹாலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். மகன் சொல்ல வேண்டிய பதில் அவருக்குக் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"தம்பி, தூங்கிட்டீங்களா? இல்ல, வண்டி வேணாம். பையன் வரல, இங்கயே இருக்கட்டும். நல்ல இடத்துலதான் இருக்கான். பின்னாடி என் பெட்டி இருக்கு பாருங்க, அதை மட்டும் மேல கொண்டாந்துடுங்க."

பால் பாத்திரத்தை இறக்கப் போன மாமியார் சமையலறை வாசற்படியில் நின்றார்.

"ஆமா" என்றார் அம்மா போனில். "ரெண்டு பெட்டியும்."